சிதம்பரனாரும் கோரல் ஆலைத் தொழிலாளரும்

வ. உ. சிதம்பரனாரின் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் கப்பலொன்று தோன்றும். ஆங்கிலேயருக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட பெருமகனார் அவர். அக்கதை பாடநூல்களில் பலமுறை எழுதப்பெற்றுள்ளது, திரைப்படமாகவும் வந்துள்ளது. ஆயின் அக்கப்பல் நங்கூரமிட்டு நின்ற துறைமுகத்தின் கரையில் அவர் செய்த வேறொரு பணியைப் பலர் அறியார். பஞ்சாலையில் நூல் நூற்றவரையும், தெருவில் குதிரைவண்டி ஓட்டியவரையும், துணி வெளுத்தவரையும், முடி திருத்தியவரையும் ஒரே நோக்கத்திற்காக அவர் ஒன்றுசேர்த்தார். கப்பல் வாங்கப் பணம் போதும். இப்பணிக்குப் பணம் மட்டும் போதாது. இப்பாடம் அதனைப் பற்றியதே.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். பெற்றோர் உலகநாதர், பரமாயி அம்மையார். தந்தையார் வழக்கறிஞர், மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகள் பொருட்டு ஊதியம் பெறாமல் வாதாடியமையால் எளிய மக்களிடம் நற்பெயரும், காவல் துறையினரிடம் பகையும் ஒருங்கே பெற்றார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அக்காலத் தூத்துக்குடி உப்புக்கும் முத்துக்கும் மட்டுமன்றிப் பருத்திக்கும் பெயர்பெற்ற நகரம். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி இங்கு வந்து குவிந்தது. ஒரு பகுதி கப்பலேறியது, மற்றொரு பகுதி நூலாயிற்று. நூற்புத் தொழிலில் முன்னின்றது ஆர்வி என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் கோரல் ஆலை. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்திற்குத் தூத்துக்குடியில் முகவராக இருந்ததும் அதே ஆர்வி நிறுவனமே. கடலில் சிதம்பரனாருக்கு எதிராக நின்றவர்களும் ஆலையில் தொழிலாளரை ஆண்டவர்களும் ஒருவரே என்னும் இச்செய்தியை நினைவில் இருத்துக. பின்னர் நிகழ்ந்தவற்றை அறிய இது பெரிதும் உதவும்.

1905ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. வங்க மக்கள் அயல்நாட்டுப் பொருள்களை விலக்கி எழுந்தனர். நம் நாட்டுப் பொருளையே வாங்குதல், நம் நாட்டுத் தொழிலையே வளர்த்தல் என்னும் கொள்கைக்குச் சுதேசியம் என்று பெயர். அக்கொள்கை கொல்கத்தாவிலிருந்து புனே, சென்னை வழியாகத் தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தது. சிதம்பரனார் அதனைச் சொல்லோடு நிறுத்தவில்லை. தரும சங்க நெசவுச்சாலை, தேசியப் பண்டகசாலை முதலிய அமைப்புகளைத் தோற்றுவித்தார். வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்து சரியாக ஓராண்டு நிறைந்த 1906 அக்டோபர் 16ஆம் நாள், சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. நாவாய் என்பது கப்பல். பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மொத்த மூலதனம் 10 இலட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். சிதம்பரனார் மும்பைக்குச் சென்று முயன்றதன் பயனாக 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆங்கிலேயர் பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றனர். இறுதியில் கட்டணமே இல்லை என்றனர். ஏறுவோர்க்குக் குடையும் தருவதாகக் கூறினர் என்பர்.

இந்தப் போட்டியில் சிதம்பரனார் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார் எனலாம். பங்கு வாங்கியோர் வணிகரும் நிலக்கிழாரும் ஆவர். அவர்கள் நாட்டுப்பற்று உடையவர்களே. எனினும் இழப்பதற்குச் செல்வம் உடையவர்கள். அரசு அச்சுறுத்தியபோது அவர்களுள் சிலர் தளர்ந்தனர். அரசியலை விட்டு விலகுமாறு சிதம்பரனாரையே வற்புறுத்தினர். அவர் விலகவில்லை. மாறாக, அரசியலை இன்னும் கீழே, உழைப்பவர் வாழும் தெருக்களுக்குக் கொண்டு சென்றார்.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். அவர் துறவுக்கோலம் பூண்ட இளைஞர். கேட்டோர் உள்ளத்தைப் பற்றவைக்கும் நாவன்மை உடையவர். இருவரும் மாலைதோறும் கூட்டங்கள் நடத்தினர். அந்நாளில் அரசியல் கூட்டம் என்றால் படித்தவர் கூடி ஆங்கிலத்தில் பேசுவது என்பதே வழக்கம். தூத்துக்குடிக் கடற்கரையிலோ பேச்சு தமிழில் நடந்தது. மணலில் அமர்ந்து கேட்டவர்கள் ஆலையிலும் துறைமுகத்திலும் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவர்கள். தாய்மொழியில் பேசிய காரணத்தாலேயே அரசியல் அவர்களுக்கு உரியதாயிற்று.

கோரல் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். கூலி மிகக் குறைவு. பொழுது விடியும் முன்னரே ஆலைக்குள் நுழைந்தவர் இருட்டிய பின்னரே வெளிவந்தனர். வயதுவந்த ஆண்கள் ஒரு நாளில் இத்தனை மணி நேரமே உழைக்க வேண்டும் என்னும் வரம்பு 1911ஆம் ஆண்டுவரை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. சிறு பிழைக்கும் அடி விழுந்தது. தொழிற்சங்கம் என்னும் சொல்லே அங்கு எவரும் அறியாதது; தொழிற்சங்கங்களை ஏற்கும் சட்டம் 1926இல்தான் வந்தது. ஆகவே ஆலைத் தொழிலாளர் தம் குறையை எடுத்துரைக்க மன்றமும் இல்லை, துணையும் இல்லை.

1908 பிப்ரவரி 23ஆம் நாள் சிதம்பரனார் அவர்களுடைய நிலையைப் பொதுக்கூட்டத்தில் எடுத்துரைத்தார். நான்கு நாள்கள் கழித்து, பிப்ரவரி 27ஆம் நாள் காலையில், தொழிலாளர் ஆலைக்குள் செல்லவில்லை. கூலி உயர்வு, வார விடுமுறை, விடுப்பு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள்.

வேலைநிறுத்தம் தொடங்குவது எளிது. மூன்றாம் நாள்தான் கடினம். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் சேமிப்பு என்று ஒன்று இராது. அடுப்பு அணைந்தால் உறுதியும் தளரும். முதலாளிகள் அதனையே எதிர்பார்த்துக் காத்திருந்தனர். வெளியூர்களிலிருந்து போலீசார் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் பட்டினியால் பணிவர் அல்லது பொறுமையிழந்து கல்லெறிவர். இவ்விரண்டில் எது நடந்தாலும் ஆலைக்கு நன்மையே.

இரண்டும் நடவாமல் காத்ததே சிதம்பரனாரின் திறம். முதலில் உணவு. நகர மக்களிடம் நிதி திரட்டினார். தம் பொருளையும் செலவிட்டார். வேலை இழந்தோருள் பலருக்கு ஊரில் வேறு வேலை தேடித் தந்தார். அடுத்து அமைதி. நாள்தோறும் மாலையில் கடற்கரையிலும் வண்டிப்பேட்டையிலும் தொழிலாளரைக் கூட்டினார். அன்று நடந்ததை அவர்கள் அறிந்தனர். மறுநாள் செய்ய வேண்டியதையும் அறிந்தனர். தனித்தனியே வீட்டில் இருந்து அஞ்சியவர்கள் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அச்சம் நீங்கினர். அக்கூட்டங்கள் ஆலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. குறைந்த கூலிக்கும் அயலார் ஆட்சிக்கும் உள்ள தொடர்பும் அங்கே விளக்கப்பட்டது.

மூன்றாவதாக வந்தது ஊரின் துணை. இதுவே இக்கதையில் மிகவும் சுவையான பகுதி. கோரல் ஆலையில் வேலை செய்யாதவர்களும் தம் வழியில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை நிருவாகத்தையும் அரசையும் ஆதரித்தவர்களுக்குச் சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க மறுத்தனர். முடிதிருத்துவோர் சவரம் செய்ய மறுத்தனர். வண்டியோட்டிகள் வண்டி தர மறுத்தனர். வழக்கறிஞர் ஒருவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தொழிலாளரைக் குறைத்துப் பேசியதாகவும், முடிதிருத்துபவர் பாதி வேலையிலேயே கத்தியை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டதாகவும், வேறு எவரும் மீதியை மழிக்க முன்வராததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கேட்போர் நகைப்பர். ஆயினும் அம்முடிதிருத்துபவரின் அன்றைய வருமானம் என்ன ஆயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதியாலும் தொழிலாலும் பிரிந்து, கூலியாலும் ஊர்வழக்கத்தாலும் தாழ்த்தப்பட்டிருந்த மக்கள் தம் கையிலும் ஓர் ஆற்றல் உண்டு என்பதை அந்நாள்களில் அறிந்தனர். அவர்களுடைய வேலை இல்லையேல் பெரிய மனிதர்களின் வாழ்க்கை ஒரு நாளும் நடவாது.

ஆலை நிருவாகம் இறங்கி வந்தது. மார்ச் 6ஆம் நாள் ஆலையின் தலைமை எழுத்தர் சிதம்பரனாரைச் சந்தித்தார். சிதம்பரனார் தொழிலாளர் ஐம்பது பேரை உடன் அழைத்துக்கொண்டு நிருவாகத்திடம் பேசச் சென்றார். தாமே தனியாகச் சென்று முடித்துவந்து முடிவைத் தொழிலாளருக்கு அறிவித்திருக்கலாம். அவர் வழக்கறிஞர், ஆங்கிலம் வல்லவர். எனினும் அவ்வாறு செய்யவில்லை. நேற்றுவரை மேலாளரின் எதிரில் நிமிர்ந்து நிற்கவும் அஞ்சியவர்கள் அன்று பேச்சுவார்த்தையில் பங்குகொண்டனர்.

கூலி நூற்றுக்கு ஐம்பது விழுக்காடு உயர்ந்தது. வேலைநேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. மார்ச் 7ஆம் நாள் தொழிலாளர் ஆலைக்குத் திரும்பினர். அவ்வாண்டு பிப்ரவரிக்கு 29 நாள்கள் ஆதலால், வேலைநிறுத்தம் சரியாக ஒன்பது நாள்கள் நடந்தது. தூத்துக்குடியில் இருந்த பிற ஆங்கிலேய நிறுவனங்களிலும் தொழிலாளரின் கூலி உயர்ந்தது. அங்கு எவரும் வேலையை நிறுத்தவேண்டிய தேவையே எழவில்லை. வங்காளத்தில் அரவிந்தர் தம் இதழில் தூத்துக்குடித் தலைவர்களைப் பாராட்டி எழுதினார்.

வங்கத் தலைவர் விபின சந்திர பாலர் மார்ச் 9ஆம் நாள் சிறையிலிருந்து விடுதலையாவதாக இருந்தது. அந்நாளை நாடெங்கும் கொண்டாட ஏற்பாடுகள் நடந்தன. மாவட்ட ஆட்சியர் விஞ்ச் தடுத்தும், சிதம்பரனார் தூத்துக்குடியில் கூட்டம் நடத்தினார். ஆட்சியர் அவரையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் திருநெல்வேலிக்கு அழைத்து, மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு கூறினார். அவர்கள் மறுத்தனர். மார்ச் 12ஆம் நாள் மூவரும் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் மார்ச் 13. திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. போலீசார் சுட்டதில் நால்வர் இறந்தனர். கைதானவர்கள் வலியுறுத்திய அமைதி அவர்கள் இல்லாத தெருவில் நிலைக்கவில்லை. உயிரிழந்த நால்வரை எண்ணும்போது அந்நாளைப் பெருமையோடு மட்டும் எழுத இயலவில்லை.

தூத்துக்குடியில் நடந்ததையே இங்கு ஊன்றி நோக்க வேண்டும். கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். உயர்ந்த கூலியுடன் ஆலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட நிறையவில்லை. அந்தப் புதுக்கூலியைக் கையில் வாங்கும் முன்னரே பலர் அதனை இழக்கத் துணிந்தனர். இம்முறை தமக்கென அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர்களின் கைதைக் கண்டித்தே வெளிவந்தனர். பிற ஆங்கிலேய நிறுவனத் தொழிலாளரும், துப்புரவுத் தொழிலாளரும், இறைச்சிக் கடைக்காரரும், குதிரைவண்டி ஓட்டுவோரும், முடிதிருத்துவோரும், சலவைத் தொழிலாளரும் அவர்களுடன் சேர்ந்தனர். ஒன்பது நாள் போராட்டத்தில் முடைந்த கயிறு இப்போது அரசியலின் பாரத்தையும் தாங்கியது. கூலிக்காக அன்றி அரசியல் நோக்கத்திற்காக இந்தியத் தொழிலாளர் செய்த முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் இதனைக் கருதுகின்றனர்.

மும்பையில் வாழும் மாணவர்கள் இங்கு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜூலை 22ஆம் நாள் பால கங்காதர திலகருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள்கள் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்திய வரலாற்று நூல்களில் அந்நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறும். நான்கு மாதங்கள் முன்னதாகத் தென்கோடியில் ஒரு சிறு துறைமுக நகரம் செய்ததற்கு அத்துணை இடம் கிடைக்கவில்லை.

தொழிலாளரும் ஊராரும் அதற்கு விலை கொடுத்தனர். பலர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீசு நிறுத்தப்பட்டது. அதன் செலவை ஊர் மக்களே வரியாகச் செலுத்த வேண்டும் என ஆணையிடப்பட்டது. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டுகள், சிவாவுக்குத் துணைநின்றதற்கு இருபது ஆண்டுகள் எனச் சிதம்பரனாருக்கு நாற்பது ஆண்டுகள் நாடுகடத்தல் தண்டனை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மேல்முறையீட்டில் அது பெரிதும் குறைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் வாழ்ந்தார். மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அங்கிருந்தபோதே ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தார். தம் வரலாற்றைச் செய்யுளாக இயற்றினார். அவர் இல்லாத நாவாய்ச் சங்கம் நிலைக்கவில்லை. கப்பல்கள் விற்கப்பட்டன, 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. அவரை முற்றும் நம்பியிருந்தவர் துணைவியார் மீனாட்சி அம்மையார். குழந்தைகளுடன் அவர் பட்ட துன்பம் தனியே எழுதத்தக்கது.

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு வணிகங்கள் செய்து வறுமையில் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டிய சிறு தொகை காந்தியடிகளிடம் இருந்தது. அதன்பொருட்டு இருவரிடையே மடல்கள் பல சென்று வந்தன. இந்நிலையிலும் அவர் கரையில் தொடங்கிய பணியைக் கைவிடவில்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா அதன் தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் விளங்கினர். அக்காலத்துத் தொழிலாளர் இயக்கத்தில் சிதம்பரனாரும் பங்குகொண்டார். பின்னர்க் கோயம்புத்தூரிலும் தொழிலாளர் பணி செய்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்னர்ச் சங்கம் என்னும் பெயரே இல்லாமல் அவர் செய்ததை, இப்போது பதிவேடும் சந்தாவும் உறுப்பினரும் கொண்ட அமைப்புகள் செய்யத் தொடங்கின.

வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்றவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் வீட்டில் நாள்தோறும் அழைத்தார் என்பது எண்ணத்தக்கது. அவருடைய பகை ஆட்சியோடுதான், மனிதரோடு இல்லை. இறுதிக் காலத்தில் தமிழ்ப் பணியில் ஆழ்ந்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார்.

சட்ட நூல்களை விற்றுக் கடனைத் தீர்க்க வேண்டிய அளவுக்கு வறுமை மீண்டும் சூழ்ந்தது. அந்நாள்களில் அவர் தூத்துக்குடியிலேயே வாழ்ந்தார். நோயுற்றபோது, தம் உயிர் வீட்டில் அன்றிக் காங்கிரசு அலுவலகத்தில் பிரிய வேண்டும் என விரும்பினார். அவ்வாறே அங்குக் கொண்டு செல்லப்பட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள், ஆலைத் தொழிலாளரும் வண்டியோட்டிகளும் தம் சொல் கேட்டுத் திரண்ட அந்நகரிலேயே சிதம்பரனார் காலமானார்.